நம்ம டீம் எது?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் போன் செய்து, "அண்ணே, விளையாட்டைப் பத்தி ஏதாவது பேசுங்க. பதினைஞ்சு நிமிஷம்தான். அதுக்கு மேல போனா சாப்பாடு ஆறிப்போயிரும், அப்புறம் ஜனங்க உங்களத்தான் ஏசுவாங்க" என்றார். எனவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

காலையில் சீக்கிரமே வந்துவிட்டேன். பழைய மைதானத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா? 80-களில், நம் மாவட்டம் காமராஜர் மாவட்டமாக இருந்த காலத்தில், இங்கே புல் பேக் ஆடியவன் நான். மைதானத்தில் அஞ்சாறு தம்பிகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் நீலச் சட்டை, சென்னையின் எஃப்.சி. ஒருத்தர் மஞ்சள், கேரளா பிளாஸ்டர்ஸ். ஒருத்தர் ரியல் மாட்ரிட். இன்னொருத்தர் அர்ஜென்டினா, பின்னால் 10 நம்பர். "நம்ம டீம் எதுப்பா?" என்று கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "காலேஜ் டீமா சார், இல்ல டிவியில பாக்குற டீமா?" என்று ஒரு தம்பி திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்குப் பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு கிளப் எந்த ஊருக்குச் சொந்தம்? யாருக்குச் சொந்தம்?

எங்கள் காலத்தில் இந்தக் கேள்வி எழவே எழாது. ஏனென்றால் டீம் என்றால் அது வேலை கொடுக்கும் இடத்து டீம். ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் வங்கி. பந்து நன்றாக உதைத்தால் ஒரு கிளார்க் வேலை நிச்சயம். சம்பளம், பி.எஃப்., பென்ஷன், அதோடு ஃபுட்பால். 1996 டிசம்பரில் நேஷனல் ஃபுட்பால் லீக் முதன்முதலாகத் தொடங்கியபோது தமிழ்நாட்டின் பெயரைச் சொல்லிக் களத்தில் நின்றது இந்தியன் வங்கி அணிதான்.

அந்த முதல் லீக்கில் கோப்பையை வென்றது யார் தெரியுமா? மோகன் பகான் இல்லை, ஈஸ்ட் பெங்கால் இல்லை. பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரில் இருக்கும் ஜே.சி.டி. மில்ஸ். ஆமாம், ஒரு துணி மில்! ஐ.எம். விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும் அந்த சீசனில் மில் டீமுக்குத்தான் ஆடினார்கள். பஞ்சாலைச் சங்கு ஊதித்தான் மணி பார்த்த ராஜபாளையத்துக்காரனுக்கு இதைக் கேட்டால் என்ன தோன்றும்? "அட, நம்மள மாதிரி ஒரு மில் ஊர் இந்தியாவை ஜெயிச்சிருச்சே" என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 2011-ல் அந்த டீமைக் கலைத்துவிட்டார்கள். நாற்பது வருஷ டீம். முதலாளி ஒரு முடிவெடுத்தார், அம்புட்டுத்தான்.

பிறகு 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. சினிமாக்காரர்களும் கிரிக்கெட்காரர்களும் ஃபுட்பாலுக்குள் வந்தார்கள். சென்னையின் எஃப்.சி.க்கு அபிஷேக் பச்சன், தோனி, விடா தானி என்று உரிமையாளர்கள். முதல் மூன்று சீசன் பயிற்சியாளர் இத்தாலியின் மார்க்கோ மாட்டராசி. 2006 உலகக் கோப்பை பைனலில் ஜிடான் தலையால் முட்டினாரே, அந்த முட்டை வாங்கியவர். "இதெல்லாம் பணக்காரர் விளையாட்டுப்பா" என்று முதலில் நானும் என் வங்கி நண்பர்களும் கேலி பேசினோம். ஆனால் 2015 டிசம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சென்னை வெள்ளத்தில் மிதந்தது. நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேக்கு மாற்றினார்கள். சொந்த ஊர் தண்ணீரில் கிடக்க, யாரோ ஒருவருடைய மைதானத்தில் சென்னையின் 3-0 என்று கொல்கத்தாவை அடித்தது. டிசம்பர் 20-ம் தேதி கோவாவில் பைனல். கடைசி நிமிஷம் வரை 1-2 என்று தோற்றுக்கொண்டிருந்த டீம் 3-2 என்று ஜெயித்தது. அன்றைக்கு அந்தப் பெயருக்குள் ஊர் வந்து உட்கார்ந்துகொண்டது என்பது என் அபிப்பிராயம். 2018 மார்ச்சில் பெங்களூரில் போய் பெங்களூரையே வென்று இரண்டாவது கோப்பையும் எடுத்தார்கள்.

இங்கே தமிழ்த்துறை ஐயாக்கள் இருக்கிறீர்கள். ஒரு சந்தேகம். 'சென்னையின்' என்றால் சென்னையினுடைய என்று அர்த்தம். சென்னையின் என்ன? அடுத்த சொல்லைக் காணோமே! பெயர் வைத்தவர்கள் இலக்கணம் பார்த்து வைத்தார்களோ என்னவோ, ஆனால் உடைமையைச் சொல்லிவிட்டு உடைமைப் பொருளைச் சொல்லாமல் விட்ட பெயர் இந்த ஒரு கிளப்புக்குத்தான் உண்டு. 2025-ல் ஐ.எஸ்.எல். வழக்கமான காலத்தில் தொடங்காமல் இழுபறி ஆனபோது, பெரிய பெரிய கிளப்புகளே அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றபோது, எனக்கு இந்தப் பெயர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொரு கிளப். சென்னை சிட்டி எஃப்.சி.

எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? கை தூக்குங்கள் பார்ப்போம். ஏழு, எட்டு. போதும்.

2016-17 சீசனில் இந்த டீம் ஐ-லீக்கில் நேரடியாகச் சேர்க்கப்பட்டது. முதலில் சென்னையில் ஆடியது. அடுத்த சீசனில் ஜாகையைக் கோயமுத்தூருக்கு மாற்றிக்கொண்டது. நான் அப்போது கோவையில் வங்கி வேலையில் இருந்தேன். வ.உ.சி. பூங்கா பக்கத்தில் நேரு ஸ்டேடியம். பெயரில் சென்னை, ஆடுவது கோவையில். எங்கள் கிளையில் இருந்த கோவைக்காரர் ஒருவர், "ஏனுங்க, பேர மட்டும் மாத்திட்டாங்கன்னா நாங்க குடும்பத்தோட வந்துருவோமுங்க" என்பார். சொன்னாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் வந்துவிடுவார், குடும்பத்தோடுதான்.

ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-18ல் நடுக்களத்தில் பெயர் வாங்கிய மைக்கேல் சூசைராஜ் குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். அடுத்த சீசனில் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். பெத்ரோ மான்சி, நெஸ்தர், சாண்ட்ரோ என்று ஸ்பெயினிலிருந்து ஆட்கள். பெரிய சம்பளக்காரர்கள் இல்லை; ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். கூட நம் ஊர்ப் பையன்கள். பந்தைத் தரையில் வைத்துச் சின்னச் சின்ன பாஸாக ஆடுவார்கள். அப்படி ஒரு ஆட்டத்தை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை.

2019 மார்ச் 9. கடைசி ஆட்டம். ஒரு பாயிண்ட் பின்னால் ஈஸ்ட் பெங்கால் நிற்கிறது. அவர்களுக்குக் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆட்டம். இங்கே நமக்கு மினர்வா பஞ்சாப். ஜெயித்தால் கோப்பை. உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் மினர்வா கோல் போட்டுவிட்டது. மூணாவது நிமிஷம்! இடைவேளை வரை அப்படியே. பக்கத்தில் ஒருவர் காதில் போனை வைத்துக்கொண்டு கோழிக்கோட்டு நிலவரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைச் சுற்றி ஒரு கூட்டம், அந்தக் காலத்தில் டீக்கடை ரேடியோவைச் சுற்றி நிற்குமே, அப்படி. இடைவேளைக்குப் பிறகு பெனால்டி. மான்சி அடித்தார். அந்த சீசனில் அவருக்கு 21-வது கோல். பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா ஒன்று, கடைசியில் இன்னொன்று. 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. 43 பாயிண்ட், 42 பாயிண்ட். ஒரே ஒரு பாயிண்டில் தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் கோப்பை.

என் நண்பர் அந்தக் கோவைக்காரர் அழுதுவிட்டார். "பேரு என்னவா இருந்தா என்னுங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. நம் டீமுக்குச் சொந்த மைதான ஆட்டம். எங்கே நடந்தது? அகமதாபாத்தில். பஹ்ரைன் டீமிடம் 0-1 என்று தோற்றார்கள். மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2-2, அதுவும் அகமதாபாத்தில்தான். உடனே கொரோனா வந்து போட்டியே ரத்து. 2021-ல் ஐ-லீக் முழுவதையும் வங்காளத்தில் வைத்து நடத்தினார்கள். பெயர் ஒரு ஊர், வீடு ஒரு ஊர், ஆசிய ஆட்டம் ஒரு ஊர், லீக் ஆட்டம் இன்னொரு ஊர். அந்த சீசனோடு சரி. 2021-22ல் உரிம நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று லீக்கில் சேர்க்கவில்லை. அந்த இடம் மும்பையின் கென்கிரே எஃப்.சி.க்குப் போனது. கோப்பை வென்று மூன்று வருஷம்கூட முடியவில்லை, டீம் இல்லை. கோவையில் ஒரு கடையடைப்பு உண்டா, ஒரு ஊர்வலம் உண்டா? பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி. நானும் படித்துவிட்டுக் காபி குடித்தேன். கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்கலாம் என்ற உரிமை தனக்கு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. கோவைக்காரன் சென்னை டீம்தானே என்று இருந்தான், சென்னைக்காரன் கோவையில் ஆடுகிற டீம்தானே என்று இருந்தான்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். தம்பிகள், முக்கியமாகத் தங்கைகள், கவனமாகக் கேளுங்கள்.

சென்னை சிட்டி ஜெயித்த அதே 2019-ல், இரண்டே மாதம் கழித்து, மே மாதம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக். பைனலில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய சாம்பியன் ஆன கிளப்பும் தமிழ்நாடுதான். பெயர் சேது எஃப்.சி. மதுரை கிளப் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் அதன் தாய்வீடான சேது பொறியியல் கல்லூரி எங்கே இருக்கிறது? காரியாபட்டி பக்கம், புல்லூரில். எந்த மாவட்டம்? விருதுநகர் மாவட்டம்! ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். காலையில் மைதானத்தில் கேட்டேன், ஒரு தம்பிக்கும் தெரியவில்லை. மாட்ரிட்டில் யாருக்கு முட்டி வலி என்பது தெரிந்திருக்கிறது! குறை சொல்லவில்லை. டிவியில் காட்டுவதைத்தானே பார்க்க முடியும்.

நம் இரண்டு ஊருக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் எத்தனை பேச்சு! "எங்க கோபுரம்தான்டா கவர்மென்ட் முத்திரையில இருக்கு" என்பான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். "கோபுரமும் பால்கோவாவும் வச்சுக்கிட்டு நீ இரு, வேலைக்கு எங்க மில்லுக்குத்தான்டா வரணும்" என்பான் ராஜபாளையத்துக்காரன். நாங்கள் படிக்கும்போது ஹாஸ்டலில் இந்தச் சண்டை இல்லாத இரவே கிடையாது. இப்படி ஊர்ப் பெருமை பேசுகிற நமக்கு, மாவட்டத்தின் பெயரை இந்தியா முழுக்கக் கொண்டுபோன ஒரு கிளப் இருப்பது தெரியவில்லை. ஏன்? பெண்கள் டீம் என்பதால்தான். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆண்கள் டீம் ஒன்று இந்திய சாம்பியன் ஆகியிருந்தால் ஜவகர் மைதானத்தில் மேடை போட்டிருக்க மாட்டோமா?

அந்த டீமில் எல்லோரும் நம் ஊர்ப் பெண்களா என்றால், இல்லை. இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மணிப்பூர்ப் பெண்கள் இருந்தார்கள். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி இருந்தார்; அவர் பிறகு பிரான்ஸ் வரை போய் ஆடினார். கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் இருந்தார். இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். கொரோனா காலத்தில் பந்தை வைத்துவிட்டுத் தெருவில் பந்தோபஸ்து பார்த்தவர். ஆக, ஆட்டக்காரர் எந்த ஊரில் பிறந்தார் என்பதை வைத்துக் கிளப்பின் ஊரைச் சொல்ல முடியாது. சென்னை சிட்டியிலும் ஸ்பெயின்காரர் இருந்தார், நேபாளப் பெண் இங்கேயும் இருந்தார். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

2022 மே மாதம் புவனேஸ்வரில் லீக்கின் கடைசி ஆட்டம். அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத இரண்டு டீம்கள், கோகுலமும் சேதுவும். 3-1 என்று கோகுலம் ஜெயித்தது. சேது இரண்டாம் இடம். தோற்ற பிறகு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் திரும்ப வந்தார்கள். அதற்கடுத்த வருஷமும் வந்தார்கள். 2024-25 சீசனிலும் இந்தியாவின் முதல் வரிசைப் பெண்கள் லீக்கில் சேது ஆடியது. என் கணக்கு இதுதான்: கல்லூரி என்று ஒன்று இருந்தால் மைதானம் இருக்கும். ஹாஸ்டல் இருக்கும், மெஸ் இருக்கும், காலையில் விசில் ஊத ஒரு பி.டி. மாஸ்டர் இருப்பார். ஜூன் மாதம் வந்தால் புதிதாகப் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். கோப்பை ஜெயித்த வருஷத்திலும் அதே சாம்பார், தோற்ற வருஷத்திலும் அதே சாம்பார். மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது, ஏனென்றால் கட்டடம் இங்கே இருக்கிறது! மில் முதலாளி கலைத்தார், லீக் உரிமம் பறிபோனது என்றெல்லாம் சொன்னேனே, அந்த இரண்டையும் தாண்டி நிற்கிற மூன்றாவது வழி ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று எனக்குப் படுகிறது. சேதுவுக்கும் பணக் கஷ்டம் வரலாம், ஒருநாள் நிர்வாகம் மனசு மாறலாம். உத்தரவாதம் எதற்கும் இல்லை. ஆனாலும் ஒரு பொறியியல் கல்லூரி மைதானத்திலிருந்து இந்திய சாம்பியன் வர முடிந்திருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் சங்கம் இந்தச் சந்திப்பை ஒட்டி நிதி திரட்டியிருக்கிறது. முகப்பில் நினைவு வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை இருப்பதாக அழைப்பிதழோடு வந்த சுற்றறிக்கையில் படித்தேன். வளைவு அழகாகத்தான் இருக்கும், நம் பேட்ச் பேரும் கல்லில் இருக்கும். ஆனால் காலையில் மைதானத்தில் நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு கோல் போஸ்டுக்கு முன்னால் மழைத் தண்ணீர் நின்று நின்று பள்ளமாகியிருக்கிறது. நாங்கள் ஆடும்போதும் அது பள்ளம்தான், இப்போது ஆழம் கூடியிருக்கிறது. பெண்கள் டீம் இரண்டு வருஷமாக நடக்கிறது. பதினெட்டுப் பிள்ளைகள், பதினோரு ஜோடி பூட்ஸ். சப்ஸ்டிட்யூட் இறங்க வேண்டுமென்றால் வெளியே வருகிற பிள்ளை பூட்ஸைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அளவு சேராவிட்டால் காகிதம் திணித்துக்கொள்கிறார்களாம். உடை மாற்ற ஒரு அறை கிடையாது. வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சேலையைக் கட்டி மறைத்துக்கொள்கிறார்கள். இதை என்னிடம் சொன்ன பிள்ளை குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னது. சத்திரப்பட்டியிலிருந்து வருகிற பிள்ளை. அப்பாவுக்கு பேண்டேஜ் துணித் தறி. ஐந்து மணிக்குப் பயிற்சி முடித்தால் வீட்டுக்குப் போகிற பஸ் தவறிவிடுகிறது என்று பாதியில் கிளம்பிவிடுகிறதாம்.

ஒரு லோடு மண், ஒரு ரோலர், ஏழு ஜோடி பூட்ஸ், பத்துக்குப் பத்தில் ஓர் அறை, சாயங்காலம் ஒரு வேன். வளைவுக்கான எஸ்டிமேட்டை நான் பார்த்தேன். அதில் பாதிகூட ஆகாது. வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எது முதலில் என்று இன்று மதியம் பொதுக்குழுவில் கேட்கப்போகிறேன், அவ்வளவுதான். எதிர்ப்பவர்கள் தாராளமாக எதிர்க்கலாம். நம் பேட்ச்சில் எப்போது ஒரே கருத்து இருந்திருக்கிறது?

பூட்ஸ் கணக்கை மட்டும் பொதுக்குழு வரை தள்ள வேண்டாம் என்று நினைத்தேன். நானும் என் பேட்ச் நண்பர்கள் ஆறு பேரும் காலையிலேயே ஆளுக்கு ஒரு ஜோடி எழுதிக்கொடுத்துவிட்டோம். அளவு எடுக்க நாளைக் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை மைதானத்துக்கு வரச்சொல்லியிருக்கிறோம். ஊரில் தங்குகிறவர்கள் வாருங்கள். பழைய ஆட்டக்காரர்கள் கால்சட்டை கொண்டுவந்திருந்தால் பிள்ளைகளோடு அரை மணி நேரம் ஆடிப் பார்க்கலாம். தோற்றால் வெளியே சொல்லாமல் இருக்கப் பிள்ளைகள் சம்மதித்திருக்கிறார்கள்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் கையைக் காட்டுகிறார்.